மானுக்குப் புல் விதைத்தால் நிலக்கடலை தப்புமா?

மார்கழிப் பட்ட நிலக்கடலைக்கான பயிற்சி ஒன்றுக்காக மலையடிவாரக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். விதை நேர்த்தி, ஜிப்சம் பற்றியெல்லாம் பேசி முடித்து, "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றதும் ஒரு பெரியவர் எழுந்தார். "விதை நேர்த்தி எல்லாம் சரிதான் சார். முளைச்சு பதினைஞ்சு நாள்ல மான் வந்து கொழுந்தை மேஞ்சுட்டுப் போயிடுது. அமெரிக்காவுல மானுக்குன்னே தனியா தீவனம் விதைக்கிறாங்கன்னு என் பேரன் போன்ல காட்டினான். ஓடையோரம் எனக்கு ஒரு ஏக்கர் சும்மா கிடக்கு. அதுல புல்லைப் போட்டா, மான் அதைத் தின்னுட்டுக் கடலையை விட்டுடுமா?" என்று கேட்டார்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பலர் மனதிலும் இருந்த கேள்வி அது. காட்டோரக் கிராமங்களில் இரவுக் காவலுக்கு ஆள் கிடைப்பதில்லை. கடலையையும் தட்டைப்பயறையும் கைவிட்டு நிலத்தைத் தரிசாகப் போட்டவர்கள் இருக்கிறார்கள். கோபத்தில் கொக்கி போட்டு மின்கம்பி கட்டி, அதில் தாமே சிக்கி உயிர்விட்டவர்களும் இருக்கிறார்கள். எனவே அந்தப் பெரியவரின் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் என்றொரு இனம் உண்டு. அங்கே நில உரிமையாளர்களும் வேட்டைக்காரர்களும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று காட்டோரத்தில் நிலத்தைத் திருத்தி, வெள்ளை குளோவர் என்ற பயறுவகைத் தீவனத்தை விதைக்கிறார்கள். நாம் காபியில் கலக்கும் சிக்கரி இருக்கிறதே, அந்தச் செடியையும் சேர்த்து விதைப்பது வழக்கம். மண் பரிசோதனை செய்து, புளிப்பு மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு இட்டு, களை எடுத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை மேலாக வெட்டிவிட்டால், ஒருமுறை விதைத்தது 3 முதல் 5 ஆண்டுகள் வரை நிற்கும். இதையே பல்லாண்டுத் தீவனப் பாத்தி என்கிறார்கள்.

இதன் நோக்கத்தைக் கவனிக்க வேண்டும். மான் பக்கத்து வயலுக்குப் போகாமல் தடுப்பதற்காக இதை யாரும் பெரிதாகச் செய்வதில்லை. மான் தங்கள் நிலத்துக்கு வர வேண்டும், கொழுக்க வேண்டும், வேட்டைப் பருவத்தில் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே செய்கிறார்கள். 1900-ஆம் ஆண்டு வாக்கில் சில லட்சமாகச் சுருங்கியிருந்த அந்த மான்கள் இன்று சுமார் 3 கோடி என்று மதிப்பிடப்படுகிறது. உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் ஆண்டுக்கு 60 லட்சம் அளவுக்குச் சுடுகிறார்கள். ஒரு பக்கம் தீவனம், மறுபக்கம் துப்பாக்கி என்று அங்கே கணக்கு நேராகிறது. அப்படியும் மானால் பயிர்ச் சேதம் அங்கு ஒழிந்தபாடில்லை.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அதை மாற்றச் சொல்வது என் வேலையும் இல்லை. ஆனால், அங்கே ஒரு முழு ஏற்பாட்டின் பாதியாக இருக்கும் ஒன்றை மட்டும் பெயர்த்து எடுத்து இங்கே நட்டால், அது வேறு பலனையே தரும். நல்ல தீவனம் கிடைக்கும் இடத்தில் புள்ளிமான் ஆண்டு முழுவதும் குட்டி போடக்கூடியது. புலி, சிறுத்தை, செந்நாய் இல்லாத சிறிய காப்புக்காடு என்றால் மந்தை வேகமாகப் பெருகும்.

ஒரு ஏக்கர் போதுமா?

இப்போது அந்தப் பெரியவரின் ஒரு ஏக்கருக்கு வருவோம். வளர்ந்த பெண் புள்ளிமான் ஒன்று 45 முதல் 50 கிலோ எடை இருக்கும். ஆடு மாடுகளுக்குப் போடும் அதே கணக்கில், உடல் எடையில் 2.5 சதவீதம் உலர் தீவனம் என்று வைத்தால், பசும்புல்லாக நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ தேவை. 30 மான் கொண்ட ஒரு மந்தைக்கு நாளுக்கு 150 கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 55 டன்.

மானாவாரியில் நன்றாகப் பராமரித்த பல்லாண்டுப் புல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 டன் பசும்புல் தருவதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதியை மேய்ச்சலுக்கு விட்டு, பாதியை விட்டுவைத்தால்தான் தூர் சாகாமல் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். ஆக, ஏக்கருக்கு 3 டன். ஒரு மந்தைக்கு 18 ஏக்கர் வேண்டும். ஒரு ஏக்கர் புல் அந்த மந்தைக்கு மூன்று வாரத் தீனி. அதற்குப் பிறகு அவை எங்கே போகும்? ஓடையைத் தாண்டினால் கடலைக் காடு.

இன்னொரு சிக்கலும் உண்டு. தை முதல் சித்திரை வரை காட்டுப் புல் காய்ந்துவிடுகிறது. காய்ந்த புல்லில் புரதம் 3, 4 சதவீதத்துக்கு மேல் இருப்பதில்லை. அதே நேரத்தில் கிணற்றுப் பாசனத்தில் நிற்கும் கடலை, உளுந்து, தட்டைப்பயறு இலைகளில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு புரதம் இருக்கிறது. மானுக்கு இது நன்றாகத் தெரியும். எனவே, நாம் விதைக்கும் புல்லும் அந்த மாதங்களில் பச்சையாக இருந்தால்தான் கொஞ்சமாவது பயன். இல்லையென்றால் மழைக்காலத்தில் பச்சையாக நின்று மானை வயல் பக்கம் பழக்கிவிட்டு, கோடையில் காய்ந்து நம்மைக் கைவிட்டுவிடும்.

ஆகவே வயலை ஒட்டியோ ஓடையோரத்திலோ மானுக்கென்று தீவனம் விதைக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. அது கடலைக்குக் காவல் ஆகாது. மானுக்கு வழிகாட்டும் பலகை ஆகிவிடும்.

தீவனம் வேண்டிய இடம் காட்டின் உள்ளே

அப்படியானால் தீவனப் பாத்தி என்ற யோசனையே தவறா என்றால், இல்லை. இடம்தான் தவறு. மான் வெளியே வருவதற்கு ஒரு பெரிய காரணம், காட்டுக்குள் அதன் மேய்ச்சல் நிலத்தை அயல் செடிகள் பிடித்துக்கொண்டதுதான்.

உண்ணிச்செடி வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளின் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் இன்று அது பரவியிருப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதன் அடியில் புல் முளைக்காது. இலையை மான் தின்னாது. முதுமலை, சத்தியமங்கலம் பகுதிகளில் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் எனப்படும் அயல் மஞ்சள் கொன்றையும் இதே வேலையைச் செய்கிறது. சமவெளிக் காப்புக்காடுகளில் சீமைக்கருவேலம்.

அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் இந்தப் பணியைத் தொடர்ந்து கண்காணித்து உத்தரவுகள் பிறப்பித்து வந்திருக்கிறது. அயல் கொன்றை மரங்களை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் வேலையில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் ஈடுபடுத்தப்பட்டது. இவை நல்ல தொடக்கம். ஆனால், வெட்டி அகற்றுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே செடி நிற்கும். அகற்றிய இடத்தில் புல்லும் மரமும் வந்து நிலைக்க வேண்டும். அமெரிக்கப் பாத்தியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: விதைப்பு ஒரு நாள் வேலை, பராமரிப்பு பல ஆண்டு வேலை.

உங்கள் ஊரை ஒட்டிய காட்டில் இந்தப் பணி நடந்தால், கூலி வேலைக்குப் போவதும் கிராம வனக் குழுவில் இருந்து கேள்வி கேட்பதும் நீங்கள்தான். எனவே எப்படி நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

1. உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், வேரும் தண்டும் சேரும் இடத்துக்கு அடியில் வெட்டி எடுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுக் காயவிட வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு உருவாக்கிய முறை இது. காய் பழுக்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

2. பறவைகள் எச்சத்தில் விதை போடும் மரத்தடிகளில் புதுச் செடிகள் வந்துகொண்டே இருக்கும். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு மழை முடிந்ததும் போய் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும்.

3. விதைக்கும் புல் அந்தப் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் புல்லாக இருக்க வேண்டும். வறண்ட சமவெளிக்கு கொழுக்கட்டைப்புல் ஏற்றது. ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ விதை போதும். புதிதாக அறுத்த விதை உறக்கநிலையில் இருக்கும் என்பதால், 6 முதல் 8 மாதம் சேமித்த விதையை மணலுடன் கலந்து மேலாகத் தூவ வேண்டும். ஆழம் போனால் முளைக்காது.

4. வேலிமசால், முயல் மசால், சவுண்டல் ஆகியவை நம் தோட்டத்துக்கு அருமையான தீவனங்கள். ஆனால் இவையும் அயல்நாட்டுச் செடிகளே. காட்டுக்குள் விதைத்தால் நாளைக்கு இன்னொரு களையாகலாம். காட்டுக்குள் வேண்டாம்.

5. புல்லோடு நெல்லி, அத்தி போன்ற மரங்களும் வேண்டும். உதிர்ந்த நெல்லிக்காயைப் புள்ளிமான் விரும்பித் தின்னும். புல் காயும் காலத்தில் இது கைகொடுக்கும்.

6. இடம், ஊர் எல்லையிலிருந்து தள்ளி, காட்டின் உட்புறத்தில் தண்ணீர் உள்ள இடமாக இருக்க வேண்டும். ஊர்ப் பக்கம் ஜீப் போகும் பாதை ஓரத்தில் போட்டால் பார்வையிட வசதி, பயிருக்கு ஆபத்து.

7. முதல் ஆண்டு தூர் பிடிக்கும் வரை மேய்ச்சல் கூடாது. மாசி, பங்குனியில் தீத்தடுப்புக் கோடு அவசியம்.

ஒரு விஷயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். நாலாபுறமும் வயல் சூழ்ந்த சில நூறு ஏக்கர் காப்புக்காடு என்றால், அங்கே "உட்புறம்" என்று ஒன்று கிடையாது. எங்கே புல் போட்டாலும் வயலுக்குப் பக்கம்தான். அத்தகைய ஊர்களில் தீவனப் பாத்தியை நம்பாமல் வேலிக்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

அந்த ஒரு ஏக்கரை என்ன செய்யலாம்?

பெரியவரிடம் நான் திருப்பிக் கேட்ட கேள்வி: "உங்கள் மாடு எங்கே மேய்கிறது?" காட்டில்தான் என்றார். மானுக்குரிய புல்லை நம் மாடும் வெள்ளாடும் தின்கின்றன; நம் மாட்டுக்குரிய பயிரை மான் தின்கிறது. இதற்கிடையே கோமாரி போன்ற நோய்களும் இரு பக்கமும் பரவ வழி உண்டு. புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றில் மாடு மேய்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் தடை விதித்திருப்பதும் தெரிந்ததே.

அந்த ஒரு ஏக்கரில் பல்லாண்டுத் தீவனம் போடுங்கள். மானுக்காக வேண்டாம், உங்கள் மாட்டுக்காகப் போடுங்கள். ஓடையோரத்தில் வேண்டாம், வீட்டை ஒட்டி, கிணற்றடியில், வேலிக்குள். கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் ஆராய்ச்சி விளைச்சல் எக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன். உங்கள் நிலத்தில் அதில் பாதி வந்தாலும், 10 சென்டில் ஆண்டுக்கு 7 டன். நாளுக்குச் சுமார் 20 கிலோ. கூடவே வேலிமசால் நான்கு வரிசை. ஒரு கறவை மாட்டின் பசுந்தீவனத் தேவையில் பெரும்பகுதி தீர்ந்தது. ஊரில் ஐம்பது வீடு இப்படிச் செய்தால், காட்டுக்குள் மிச்சமாகும் புல் எந்தத் தீவனப் பாத்தியையும்விடப் பெரிது.

இந்தப் பட்டத்தில் பயிரைக் காக்க

புல் வளர்ந்து காடு மீள்வதற்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை செய்ய வேண்டியவை:

வேலி: புள்ளிமான் 5 அடி வேலியைத் தாண்டிவிடும். ஆனால் தாண்டுவதைவிட இடுக்கில் நுழைவதையே விரும்பும். எனவே 7, 8 அடி உயரமும் தரையோடு இடைவெளி இல்லாமையும் இரண்டும் முக்கியம். பழைய மீன்வலை கட்ட வேண்டாம். கொம்பு சிக்கி மான் செத்தால் வழக்கு உங்கள் மேல் வரும். சூரிய மின்வேலி என்றால், 2023-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்வேலிகள் விதிகள்படி பதிவு செய்ய வேண்டும். காப்புக்காட்டுக்கு அருகில் உள்ள நிலம் என்றால் வனத்துறையின் முன் அனுமதி தேவை. நேரடி மின்சாரம் பாய்ச்சுவது எந்த நிலையிலும் கூடாது. அதில் முதலில் சாவது பெரும்பாலும் நம் வீட்டு ஆளும் பக்கத்துக் காட்டுக்காரரும்தான்.

பயிர் அமைப்பு: காட்டை ஒட்டிய வரப்பில் கடலை, பயறு வகைகளைத் தவிர்த்து மிளகாய், ஆமணக்கு, எள், மஞ்சள் போன்ற மான் அதிகம் விரும்பாத பயிர்களை வைக்கலாம். கடும் வறட்சியில் இதுவும் முழுக் காவல் ஆகாது.

விரட்டி: அழுகிய முட்டைக் கரைசலின் நாற்றம் மானைச் சில நாட்கள் தள்ளிவைக்கும். மழையோ தெளிப்பு நீரோ பட்டால் மறுபடி தெளிக்க வேண்டும். முளைத்த முதல் மூன்று வாரத்துக்கு இது பயன்படும்.

சேதத்தை அளக்க ஒரு கூண்டு

அமெரிக்க விரிவாக்க மையங்கள் தீவனப் பாத்திகளுக்குச் சொல்லும் ஓர் எளிய முறை நமக்கு வேறு வகையில் உதவும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், நான்கு அடி உயரத்தில் கம்பிவலைக் கூண்டு ஒன்று செய்து, பயிர் முளைத்ததும் வயலில் கவிழ்த்துக் குச்சி அடித்து விடுங்கள். மூன்று, நான்கு இடத்தில் வைத்தால் நல்லது. கூண்டுக்குள் மான் வாய் வைக்க முடியாது. அறுவடையில் கூண்டுக்குள் ஒரு சதுர மீட்டர், வெளியே ஒரு சதுர மீட்டர் பிடுங்கி எடை போடுங்கள். வேறுபாடு 100 கிராம் என்றால், ஏக்கருக்கு 400 கிலோ இழப்பு.

மான்தான் தின்றதா, நீர் பற்றாக்குறையா, பூச்சியா என்று அதிகாரிகள் கேட்கும்போது கையில் காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும். சில நேரம் இழப்பு நாம் நினைத்ததைவிடக் குறைவு என்றும் தெரியவரும். அப்போது வேலிக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்குவது தேவையா என்று யோசிக்கலாம்.

இந்த ஆதாரத்துக்கு இப்போது கூடுதல் மதிப்பு வந்திருக்கிறது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்குகளால் ஏற்படும் சேதத்தையும் கூடுதல் காப்பாகச் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரீப் பருவம் முதல் இது நடைமுறை. எந்த விலங்குகள், எந்த மாவட்டங்கள் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள், இடக்குறியீடு பதிந்த படத்துடன் காப்பீட்டுச் செயலியில் பதிய வேண்டும். பிரீமியம் கட்டும் முன்பே, உங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதா, மான் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். இது ஒருபுறம் இருக்க, வனத்துறை இழப்பீட்டுக்கும் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

இன்னொரு குழப்பமும் தீர வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அது பன்றிக்கு மட்டும். சுடுவதும் வனத்துறையினர் மட்டும். மானுக்கு அது பொருந்தாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு யாரும் வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கிராம சபையில் கேளுங்கள்

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நம் ஊரை ஒட்டிய காட்டில் எத்தனை ஏக்கர் அயல் செடி அகற்றப்பட்டது? அகற்றிய இடத்தில் என்ன புல், எங்கே விதைக்கப்பட்டது? மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கு ஆளும் நிதியும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், மானுக்கான தீவனம் சரியான இடத்தில் வளர்கிறது என்று பொருள். கிடைக்காவிட்டால், ஒவ்வொரு மார்கழிக்கும் அந்தத் தீவனத்தை நம் வயலில் நாமே விதைத்துக்கொண்டிருப்போம்.

அந்தப் பெரியவர் இப்போது கிணற்றடியில் 10 சென்டில் கோ 5 கரணை நட்டிருக்கிறார். கடலைக் காட்டில் இரண்டு கூண்டுகள் நிற்கின்றன. அறுவடையில் எடை போடும்போது நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வயலிலும் ஒரு கூண்டு வைத்துப் பாருங்கள். செய்முறைக்கு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.